பேச்சு நின்றால் கிரேன் நிற்கும்

ஜனவரி 12

மச்சானுக்கு,

உங்களோடு இனிப் பேசமாட்டேன் என்று போன வருடம் உங்கள் வகுப்பறை வாசலில் நின்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, உங்கள் தங்கச்சி. "பேசத்தானே மாட்டேன்னீங்க, எழுதுங்களேன்" என்று போனில் ஒரே பிடியாய்ப் பிடித்தாள். அவள் எனக்குப் பெண்டாட்டி ஆவதற்கு இருபத்தைந்து வருடம் முன்னாலேயே உங்களுக்குத் தங்கச்சி ஆகிவிட்டவள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இருபத்தாறு மாடிக் கட்டடம் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. என் வேலை, கம்பியையும் பலகையையும் வாரில் கட்டிக் கிரேன் கொக்கியில் மாட்டிவிடுவது. நான் கட்டிய சரக்கு இதுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்ததில்லை. அதைப் பார்த்துவிட்டு ஃபோர்மேன் என்னை சிக்னல்மேன் வேலைக்குப் பன்னிரண்டு வாரம் பரீட்சையில் போட்டிருக்கிறார். சிக்னல்மேன் என்றால் சரக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கிரேன் ஓட்டுபவருக்குக் கண்ணில் படாத இடத்தையெல்லாம் ரேடியோவில் சொல்லும் ஆள். எல்லாம் ஆங்கிலத்தில்.

ஒரு படிவம் இருக்கிறது. அதில் மூன்று கட்டம். ஃபோர்மேன் கையெழுத்து ஒன்று, பாதுகாப்பு அதிகாரி கையெழுத்து ஒன்று. மூன்றாவது, மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டும் அம்மாவுடையது. "இந்தக் குரலை நம்பி நான் லீவரைத் தொடுவேன்" என்று அச்சடித்திருக்கிறது. அந்த அம்மா போடமாட்டேன் என்றால் முதலாளியே வந்தாலும் போட வைக்க முடியாது. பத்தொன்பது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறாராம். நான் இன்னும் முகத்தைப் பார்த்ததில்லை, குரலை மட்டும் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கையெழுத்து விழுந்தால் எனக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் தருவார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். உங்கள் தங்கச்சியும் பாப்பாவும் இங்கே வந்துவிடலாம். விழாவிட்டால் எட்டுப் பேர் படுக்கும் அறையிலேயே இன்னும் மூன்று வருடம். பாப்பாவுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கும் ஆள் என்று ஆகிவிடும்.

அதனால் கேட்கிறேன், வாய்விட்டுக் கேட்கிறேன். ரேடியோவில் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். நீங்கள் எழுதி அச்சடித்த நீல ஆங்கிலப் புத்தகம் என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்டால் உங்கள் தங்கச்சி பேச்சை மாற்றுகிறாள். 112-ஆம் பக்கத்திலிருந்து அறுநூற்று நாற்பது வினைச்சொல்லை அப், டவுன் என்கிற வாலோடு அகர வரிசையில் போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது.

இப்படிக்கு,
மாப்பிள்ளை (லோடு இழுக்க மட்டுமே லாயக்கானவன்)


ஜனவரி 23

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் நான்கு எழுத்துப் பிழைகள். பொருட்படுத்தவில்லை.

கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதைப் பொருட்படுத்துகிறேன். அன்று நடந்தது என்ன என்பதை நீங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள். 'புட்' என்ற வினையோடு சேரும் சிறு சொற்களை நான் என் மாலை வகுப்பில் கரும்பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து நின்று, "சார், இத்தனை புட் எதுக்கு, ஒரு மூட்டையக் குடுங்க, நான் செஞ்சே காட்டிடறேன்" என்றீர்கள். இருபது பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து என்று நினைத்தேன். அதனால்தான் 'நீ லோடு இழுக்க மட்டுமே லாயக்கு' என்று சொன்னேன். "உங்க புஸ்தகத்த வச்சு ஒரு மூட்டையக்கூட நகர்த்த முடியாது" என்று நீங்கள் பதிலுக்குச் சொன்னதை என் மாணவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதோடு, உங்களை 'நீ' என்று ஒருமையில் சொல்லிவிட்டேன் என்று என் தங்கை பத்து மாதமாக என்னோடு அரை வாய்தான் பேசுகிறாள். வகுப்பில் நான் எல்லோரையும் அப்படித்தான் சொல்வது. இருந்தாலும் நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனீர்களே, அதை எதில் சேர்ப்பது? நான் அன்று பள்ளிக்கு விடுப்பு எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

போகட்டும். பன்னிரண்டு வாக்கியங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழ் எழுத்திலும் எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு முதல் வாக்கியம்: "கைண்ட்லி லோயர் த லோட் ஸ்லோலி டுவர்ட்ஸ் த லெஃப்ட் ஹேண்ட் சைட்." வினை எங்கே நிற்கிறது, 'ஸ்லோலி' எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். மூன்று விதிகளை மறக்க வேண்டாம். வாக்கியத்தை முழுதாகச் சொல்லுங்கள். சொன்னபின் நிறுத்துங்கள். எதிராளி பதில் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள். பேச்சில் மரியாதை என்பது அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அந்த அம்மையார் படித்தவராக இருந்தால் உடனே புரிந்துகொள்வார்.

தங்கையும் குழந்தையும் நலம்.

இங்ஙனம்,
மச்சான்


பிப்ரவரி 5

மச்சானுக்கு,

உங்கள் பன்னிரண்டு வாக்கியங்களையும் மனப்பாடம் செய்தேன். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, வாயில் அதுதான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்து இடம் மாற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை முதல் தடவையாக ரேடியோ என் கையில். பதினாறாவது மாடி உயரத்துக்கு ஏறிவிட்ட ஒரு கட்டுப் பலகையை நான் அங்கே நின்று இறக்க வேண்டும். இருபது நிமிட வேலை. "கைண்ட்லி" என்று ஆரம்பித்து அந்த வாக்கியத்தைத் தலையிலிருந்து வால் வரை ஒரு பிசிறு இல்லாமல் சொன்னேன். சொல்லிவிட்டு நீங்கள் சொன்னபடி நிறுத்தினேன். சரக்கு அரை அடி இறங்கிற்று, நின்றுவிட்டது. பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் இல்லை. மறுபடி முழு வாக்கியம், மறுபடி நிறுத்தம். மறுபடி அரை அடி. இப்படியே, மச்சான், ஒரு மணி ஐம்பது நிமிடம். பலகைக்காகக் காத்திருந்த தச்சர்கள் இரண்டு தரம் டீ குடித்துவிட்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் ஃபோர்மேன் வந்து ரேடியோவை வாங்கிக்கொண்டு சொன்னார். இங்கே விதி உங்கள் விதிக்குத் தலைகீழ். சரக்கு நகரும் வரைக்கும் சிக்னல்மேன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் ஏதோ ஆபத்து, ரேடியோ செத்துவிட்டது, அல்லது ஆள் விழுந்துவிட்டான் என்று அர்த்தம். அந்த நொடியே கிரேன் நிற்கும். சரக்கு நகரும்போது அந்த அம்மா பதில் சொல்ல மாட்டார், ஓட்டுவதுதான் அவர் பதில். நான் மரியாதைக்கு நிறுத்தி நிறுத்தி அவரைப் பயமுறுத்தியிருக்கிறேன். அத்தனை நேரத்தில் எத்தனை தரம் நான் கீழே விழுந்து செத்திருப்பேன் என்று நினைத்தாரோ.

படிவத்தில் மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் "இப்போது இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு, பழைய சிக்னல்மேனோடு அந்த அம்மா வேலை செய்வதை இரண்டு நாள் கேட்டேன். அந்தப் பழையவர் இன்னும் ஒரு வாரம்தான் இங்கே இருக்கிறார். மச்சான், அது ஒரு அழகு. அவர் முழு வாக்கியம் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. "கம் டவுன்… டவுன்… கீப் கமிங்… ஈஸி… ஜஸ்ட் எ டச்… செட் இட் டவுன்… ஸ்லாக் ஆஃப்… அவே யூ கோ." இறங்கு, மெதுவாய், இன்னும் துளி, வை, கயிற்றைத் தளர்த்து, போ, எல்லாம் குட்டிக் குட்டிச் சொல். அதற்கே இரண்டு டன் கம்பி பூ மாதிரி வந்து உட்கார்ந்தது. உங்கள் பன்னிரண்டு வாக்கியத்துக்கு ஒரு பலகை நகரவில்லை. வாசலில் நின்று நான் அன்று கோபத்தில் சொன்னது இப்படி அப்பட்டமாகப் பலிக்கும் என்று நானே நினைக்கவில்லை.

மாப்பிள்ளை


பிப்ரவரி 16

மாப்பிள்ளைக்கு,

படித்தேன். கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

நீங்கள் எழுதி அனுப்பியிருப்பது ஆங்கிலமே இல்லை. வேலைத்தளத்துக் கொச்சை. எழுவாய் இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லிக்கொடுப்பது வேறு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரிந்ததைக் கொடுத்தேன். அது உங்களுக்கு உதவவில்லை என்றால் உதவுகிறவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மச்சான்


மார்ச் 2

மச்சானுக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். தணியாவிட்டாலும் படியுங்கள். என் வாய்தான் எனக்குச் சத்துரு, அது உங்களுக்குத் தெரியும். கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் உறையை ஒட்டிவிட்டேன்.

போன கடிதம் எழுதியபோது பரீட்சை முடிய எட்டு வாரம் இருந்தது, இப்போது ஐந்து. நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். சொல்லும் அர்த்தமும் எழுதுவதில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட நொடியில் கயிறு என்ன செய்தது, கை என்ன செய்தது என்று மட்டும் எழுதுகிறேன். "டேக் அப்" என்றார்கள்: கயிறு விறைத்தது, சரக்கு இன்னும் தரையில்தான். "லெட் கோ" என்றார்கள்: கை விட்டுவிட்டது. "லெட் டவுன்" என்றார்கள்: கை விடவில்லை, சரக்கோடு கூடவே இறங்கியது. "புட் அவே" என்றால் வார்களைச் சுருட்டி அறைக்குள் மாட்டிப் பூட்டினோம். "புட் டவுன்" என்றால் நின்ற இடத்திலேயே வைத்தோம், பூட்டவில்லை. இதுவரை நூற்றுப் பதினான்கு.

இதில் நான் கண்டுபிடித்ததைச் சொல்லட்டுமா? வினை என்று பார்த்தால் பத்துக்கு மேல் இல்லை. கம், கோ, டேக், புட், லெட், கீப், செட், இப்படி, பாப்பா வயசுக் குழந்தைக்குத் தெரிந்தவை. அவை ஒரு கூடை. அப், டவுன், இன், அவுட், ஓவர், ஆஃப், பேக், அவே, இவை இன்னொரு கூடை. பழைய சிக்னல்மேன் இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்துச் சேர்ப்பார், ஒரு புது வேலை பிறக்கும். நடுவில் ஒரு சிட்டிகை வேறு. "டவுன்" என்றால் இறங்கு. "ஆல் த வே டவுன்" என்றால் தரை தொடும்வரை. "பேக் டவுன்" என்றால் எங்கிருந்து ஏறியதோ அங்கேயே. "ஸ்ட்ரெய்ட் பேக் டவுன் ஆன் டு த பிளாக்ஸ்" என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் சொன்னார். சின்னச் சொற்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாய்ப் போயின. கடைசிச் சொல் வந்தபோது சரக்கு எங்கே உட்கார வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டம் வாங்கியவர்களைவிட இந்தச் சொற்கள் அதிகமாகச் சுமக்கின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, பொய் இல்லை.

பழகுவதற்கு ஒரு வழி செய்திருக்கிறோம். உங்கள் தங்கச்சியின் யோசனை. நம் வீட்டுக் கூடத்தில் உத்தரத்தில் கொக்கி இருக்கிறதே, அதில் ஒரு கயிறு போட்டு, தண்ணீர் நிறைந்த வாளியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கீழே ஒரு முக்காலி. தினம் என் மதிய இடைவேளையில் பாப்பா போனை வாளிக்கு எதிரே பிடித்துக்கொள்வாள். எனக்கு வாளியும் முக்காலியும் மட்டும் தெரியும். உங்கள் தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பாள். அவளுக்கு வாளி தெரியாது, நான் சொல்வதைக் கேட்டுத்தான் விட வேண்டும், இழுக்க வேண்டும். தண்ணீர் சிந்தாமல் வாளி முக்காலியில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு மதிப்பெண். பாப்பாதான் நீதிபதி.

முதல் மூன்று நாளும் கூடம் முழுக்கத் தண்ணீர். "ஈஸி" என்று சொல்லி முடிப்பதற்குள் படக்கென்று விட்டுவிடுகிறாள். எல்லாவற்றிலும் அவசரம், எல்லாம் தனக்குத் தெரியும் என்கிற நினைப்பு. யார் வீட்டு ரத்தம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நாலாம் நாளிலிருந்து என்னவோ ஆயிற்று. அவள் கை கேட்க ஆரம்பித்துவிட்டது. நேற்று ஆறுக்கு ஐந்து. பாப்பா மட்டும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருக்கிறாள், போன் ஆடுகிறது. கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 19

மச்சானுக்கு,

நீங்கள் கடைசியாக எழுதி ஒரு மாதமாகிறது. தபால்காரர் மேல் பழி போட்டுப் பார்த்தேன், உங்கள் தங்கச்சி கடிதம் மட்டும் ஒழுங்காக வருகிறது.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு குரல் நின்றால் நானும் நின்றுவிடுகிறேன். உங்கள் குரல் நின்றதிலிருந்து என் மனசில் ஏதோ ஒன்று இறங்காமல் அந்தரத்திலேயே தொங்குகிறது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். நாலு எழுத்துப் பிழை என்றாவது எழுதுங்கள்.

ஏப்ரல் 3 கடைசிப் பரீட்சை. கூரைக்கு ஒரு பெரிய குளிர்சாதன இயந்திரம் போகிறது. நாலு டன். அதைக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இறக்க வேண்டும், அந்த அம்மாவின் கூண்டிலிருந்து அந்த இடம் துளிகூடத் தெரியாது. கடைசி மூன்று மீட்டர் அவருக்குக் கண்ணே என் வாய்தான். அதை முடித்தபின் மூன்றாவது கட்டத்தில் ஒன்று கையெழுத்து, அல்லது கோடு.

பயமாக இருக்கிறது. உங்கள் தங்கச்சியிடம் சொல்லவில்லை. பாப்பா அங்கே எந்தப் பள்ளி, பக்கத்தில் விளையாட்டுத் திடல் உண்டா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 4

மச்சானுக்கு,

பதில் போடாத ஆளுக்கு இது மூன்றாவது கடிதம். என் மானம் ரோஷமெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் இதை உங்களைத் தவிர யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குத் தூக்கினோம். காற்று லேசாக இருந்தது. கூரை விளிம்பில் நின்று கீழே பார்த்து "டேக் அப்" என்றேன், வார் நாலும் விறைத்தன. "கம் அப்" என்றேன். அப்புறம் குரலை விடவே இல்லை. இயந்திரம் என் தலைக்கு மேல் உயரம் ஏறி, சுவரைத் தாண்டி, என் பக்கம் வந்தது. "ஓவர்… ஓவர்… கீப் கமிங்… நவ் டவுன்… டவுன்… நைஸ் அண்ட் ஸ்லோ…" இரண்டு மீட்டர் இருக்கும்போது ஒரு காற்று அடித்து அது லேசாகத் திரும்பியது. எனக்கு ஒரு சொல் வரவில்லை, தமிழும் வரவில்லை. வாய் திறந்தே இருந்தது, சத்தம் இல்லை.

கிரேன் நின்றுவிட்டது.

நாலு டன் அப்படியே அந்தரத்தில். கீழே ஃபோர்மேன் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். அப்போது என்ன ஞாபகம் வந்தது தெரியுமா, நம் வீட்டு வாளி. போன வாரம் ஒரு நாள் இப்படித்தான் எனக்கு இருமல் வந்து பேச்சு நின்றது. வாளி பாதியில் நின்றது. இருமி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரமும் வாளி ஒரு இம்மிகூட இறங்கவில்லை, ஆடவில்லை. தண்ணீர்கூட அசையவில்லை. தண்ணீர் நிறைந்த வாளி, மச்சான், கை எப்படி வலித்திருக்கும். அவசரக்காரி என்று நான் கேலி செய்த அதே கை. நான் மறுபடி பேசுவேன் என்று நம்பி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது.

நின்றால் தப்பில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவசரம் இல்லை. காற்று அடங்கட்டும் என்று இருபது எண்ணினேன். பிறகு, "ஓகே… கம் டவுன்… டவுன்… ஈஸி… ஜஸ்ட் எ டச்… செட் இட் டவுன்." நாலு பக்கமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தது. "ஸ்லாக் ஆஃப்" என்றபோது என் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

மத்தியானம் அந்த அம்மா ஏணியில் இறங்கி வந்தார். முதல் தடவையாக முகத்தைப் பார்க்கிறேன். குட்டை, நரைத்த தலை, கையில் சாப்பாட்டு டப்பா. குரலை வைத்து நான் நினைத்திருந்த ஆளுக்குப் பாதி உயரம் இல்லை. படிவத்தை என் முதுகில் வைத்து, என்னைக் குனியச் சொல்லி, பேனாவால் கையெழுத்துப் போட்டார். பென்சிலால் எழுதியிருந்ததைத் தானே ரப்பர் கேட்டு வாங்கி அழித்தார். நடுவில் நின்றுவிட்டேனே, மன்னிக்க வேண்டும் என்றேன். நிற்கத் தெரியாதவனோடுதான் வேலை செய்ய எனக்குப் பயம் என்றார். அப்புறம், "யூ கேன் டாக் மி டவுன் எனி டே" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்கோடு டவுன் சேருமா? நீலப் புத்தகத்தில் தேடினேன், அறுநூற்று நாற்பதில் இது இல்லை. என் நோட்டில் எழுதிக்கொண்டேன். கை என்ன செய்தது என்ற இடத்தில், படிவத்தில் கையெழுத்துப் போட்டது என்று எழுதினேன்.

குவார்ட்டர்ஸ் சாவி ஜூன் முதல் வாரம்.

போனில் உங்கள் தங்கச்சியிடம் சொன்னேன். அழுதாள். ஆனால் வாளி விஷயத்தை அவளிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, உன் கையைப் போல ஒரு கையை நான் பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது? நீங்கள் அவள் வீட்டுக்குப் போகும்போது எனக்காகச் சொல்லிவிடுங்கள். அந்தக் கையால்தான் கையெழுத்து விழுந்தது.

மாப்பிள்ளை


ஏப்ரல் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சொல்லிவிட்டேன். என் தங்கை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அந்தக் கை யாருதுன்னு நீங்களே எழுதிடுங்க, இனிமே எனக்குத் தாங்காது" என்றாள்.

அது என் கை.

முதல் மூன்று நாள் கூடத்தில் தண்ணீர் ஊற்றியதும் நான்தான், அதனால் ரத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்க உண்மை. நீங்கள் முதல் நாள் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவள் இழுத்துப் பார்த்தாள், மணிக்கட்டுப் பிசகிவிட்டது. "அண்ணா, பேசத்தானே மாட்டீங்க, கயிறு பிடிப்பீங்கல்ல" என்று கேட்டாள். அந்த ஓட்டை வழியாக நானும் நுழைந்தேன். முப்பத்தைந்து நாள், பள்ளியில் மதிய வகுப்பை மாற்றி வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றேன். குழந்தை வாயைத் திறக்காமல் இருப்பதற்கு என் மேசை இழுப்பறையில் இருந்த வண்ணப் பேனாக்கள் அத்தனையும் போய்விட்டன.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். எழுத உட்காரும்போதெல்லாம் எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று. சுவரைப் பார்த்து நிற்கும் ஆளுக்கு வாளி தெரியாது, எதுவும் தெரியாது, உங்கள் குரல் ஒன்றுதான் இருக்கிறது. "டவுன்" என்று நீங்கள் சொன்னபோது நான் முதலில் மனசுக்குள் அதன் இலக்கணத்தைத் தேடினேன். அதற்குள் தண்ணீர் கொட்டிவிட்டது. நாலாம் நாள் தேடுவதை விட்டுவிட்டேன். "ஈஸி" என்றால் விரல் தானாக இளகியது. "ஜஸ்ட் எ டச்" என்றால் அரை விரல்கடை. இருபத்திரண்டு வருடமாக நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட சொற்களை நீங்கள் என் உள்ளங்கையில் ஏற்றினீர்கள், மாப்பிள்ளை. இன்னும் காய்ப்பு இருக்கிறது.

போன மாதம் என் மாலை வகுப்புக்கு மேல்மாடியில் குடிவந்தவர்கள் இரும்பு அலமாரி ஏற்றினார்கள். பாடத்தை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் போய் நின்றேன். "தூக்கிப் பிடி, எறக்கி வை, விட்டுடாத, கொஞ்சம் தள்ளி வச்சுக்கோ" என்று ஐந்து நிமிடமும் பேச்சு ஓயவில்லை. 'இறக்கு' வேறு, 'இறக்கி வை' வேறு, 'இறக்கி விடு' வேறு, 'இறக்கிப் போடு' என்றால் அலமாரி உடைந்துவிடும். இதே கூடை நம் வீட்டிலும் இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன், யாரும் எனக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. இதைக் கொச்சை என்று உங்களுக்கு எழுதினேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு மூட்டை வைத்தேன். வெறும் பழைய விடைத்தாள் மூட்டை. ஒருவர் சொல்ல, ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. நீங்கள் மூட்டை கேட்டதே சரியான பாடம். அதைக் கொடுக்காமல் உங்களை 'நீ' என்று சொல்லி வெளியே அனுப்பினேன். தவறு என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது. 112 முதல் 140 வரையிலான பக்கங்களை அடுத்த பதிப்பில் எடுத்துவிடப் போகிறேன். அந்த இடத்தில் உங்கள் நோட்டைப் போட அனுமதி வேண்டும். கை என்ன செய்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறபடியே, ஒரு எழுத்து மாற்றாமல். பிழைகளோடு.

'டாக் டவுன்' சேரும், பேசிப் பேசியே பத்திரமாக இறக்கி வைப்பது. நானும் அகராதியில் தேடினேன், பிறகு மூடி வைத்துவிட்டேன். அந்த அம்மையார் சொன்னது எனக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

நீங்கள் இருமிய அந்த நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கை வலித்தது உண்மை. ஆனால் அந்த ஒரு நிமிடமும் நான் நினைத்தது வாளியை இல்லை. நீங்கள் மறுபடி பேச ஆரம்பித்தால், பாடம் நடக்கும். பாடம் நடந்தால் கையெழுத்து விழும். விழுந்தால் என் தங்கையும் குழந்தையும் கிளம்பிவிடுவார்கள், இந்தத் தெருவில் எனக்கென்று கதவு தட்ட ஒரு வீடு இருக்காது. கயிறு என் கையில்தான் இருந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் போதும். அந்த நினைப்பு வந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நீங்கள் இருமி முடித்து "ஓகே, கம் டவுன்" என்றீர்கள். என் கை உங்கள் பேச்சைத்தான் கேட்டது.

பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தை அந்த வாளியையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அடம். அது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்த மறுநாள் மதிய இடைவேளையில் வழக்கம்போல் போன் செய்யுங்கள். நான் எடுக்கிறேன். ஒரு வருடப் பேச்சு சேர்ந்திருக்கிறது, எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளலாம். குரல் வரவில்லையே என்று வைத்துவிடாதீர்கள். பிடித்துக்கொண்டிருங்கள்.

உங்கள்,
மச்சான்